முப்பத்தெட்டரை

மாலை ஐந்துக்குமேல்தான் போனேன்.
காலையில் என் பாதங்கள் பொய் சொல்லும்.
அருங்காட்சியகத்தில் எட்டு மணி நேரம்
ரோமானியக் குடங்களுக்குக் காவல் நின்றபின்
நடிக்க அவற்றுக்குத் தெம்பிருக்காது.

திரியெஸ்தேயில் அன்று போரா.
மலையிலிருந்து இறங்கிக் கடலைத் தள்ளும் காற்று
என்னையும் கடைக்குள் தள்ளிக்
கதவைச் சாத்திவிட்டுப் போனது.

என்ன அளவு என்றார் துயீலியோ.
முப்பத்தேழு.
கல்யாணத்தன்று முப்பத்தேழு,
கோர்ட்டில் கையெழுத்திட்ட அன்றும் முப்பத்தேழு.
அவர் மறுத்துப் பேசவில்லை.
சில்லென்ற அளவுத் தகட்டைக் கொண்டுவந்து
தரையில் வைத்தார்.

வலது, முப்பத்தெட்டு.
இடது, அதற்கும் அரை கூட.
எடை பார்க்கும் நர்ஸின் முன்கூட
இப்படி முகம் சிவந்ததில்லை எனக்கு.

என் பாதங்களைச் சொல்ல வேண்டும்.
பெருவிரல் மூட்டில் வாதாங்கொட்டைப் பருமனில் ஓர் எலும்பு.
குதிகால் தோல் வெங்காயச் சருகு.
சாக்ஸின் தையல்கூட
நாள் முழுக்க ஒரு வாக்குவாதம்.

முதல் ஜோடி, மருத்துவர்கள் சொல்வது.
இரண்டு ரொட்டிகள், மேலே கயிறு கட்டியவை.
கால் வலிக்காது, கண் வலிக்கும் என்றேன்.
துயீலியோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, ஊசி மூக்கு, உயர்ந்த ஹீல்.
எழுந்து நின்றேன்.
அழகாகத்தான் இருந்தேன்.
கண்ணாடிக்கு வலி தெரியாது.

மூன்றாவதன் ஜிப் கணுக்கால் எலும்பைத் தேடிக் கடித்தது.
நான்காவது சாம்பல் நிற மென்தோல்,
துறைமுகத்து உப்புக்கு ஒரு வாரம் தாங்காது.

கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும்
என்றாள் அந்தப் பக்கம் ஒருத்தி, தன் மகளிடம்.
அதையேதான் எனக்கும் சொன்னார்கள்,
காலணிகளைப் பற்றியும்
ஃபெருச்சியோவைப் பற்றியும்.
பழகியதெல்லாம் நான்தான்.
இருபத்தோரு வருடம்.

பிறகு அவர் உள்ளே போய்
வெகுநேரம் கழித்து ஒரு பெட்டியோடு வந்தார்.
தெரான் ஒயினின் அடிமண்டி நிறம்.
பக்கவாட்டில் எலாஸ்டிக், இரண்டு விரல் உயர ஹீல்,
விரல்கள் ஒன்றையொன்று மன்னிக்கும் அளவுக்கு
அகன்ற முன்பக்கம்.
சோலை வளைத்துக் காட்டினார்:
விரல் மடங்கும் இடத்தில்தான் அதுவும் மடங்கியது.

கையை உள்ளே விட்டுப் பாருங்கள் அம்மணி,
கைக்கு உறுத்துவது காலுக்குக் கடிக்கும்.

விட்டேன்.
இருட்டு, வழவழப்பு, எங்கும் தையல் இல்லை.
அந்நியர் சட்டைப் பையில் கைவிட்டதுபோல்
சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

விலை நூற்றெண்பது.
சமையலறை இழுப்பறையில் கிடக்கும் பிளாஸ்திரிகளை
மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு எனக்குச் சாதகமாய் வரவில்லை,
இருந்தும் அட்டையை நீட்டினேன்.
பழசைப் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

உட்புறம் வெள்ளி எழுத்தில் 38½.
யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?
இருட்டில் என் இடது கால் மட்டும்
நாளெல்லாம் அதை வாசித்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில்
எனக்கென்று மூன்று இருக்கைகள் உண்டு.
மருந்துக்கடை வாசல்,
செர்பியத் தேவாலயப் படி,
பத்தாம் எண் பேருந்து நிறுத்தம்.
போரா முதுகில் கைவைத்துத் தள்ளியது,
கல் பாவிய தெரு எண்ணெய்போல் மினுங்கியது,
ஒருவரின் தொப்பி என்னை முந்திக்கொண்டு ஓடியது.
அதைப் பிடிக்க நானும் நாலடி ஓடியிருக்கிறேன்,
ஐம்பத்தாறு வயதில்,
எந்தக் காலால் என்றுகூட யோசிக்காமல்.

கதவருகே சாவியைத் துழாவும்போதுதான் உறைத்தது,
மூன்றில் ஒன்றிலும் நான் உட்காரவில்லை.

இடது சுண்டுவிரல் மட்டும் ஏதோ முணுமுணுத்தது.
இன்னும் மூன்று மாடி இருக்கிறது,
போகப் போகச் சொல் என்றேன்.